வாஷிங்டன் வானில் தடை வளையம்: நகரத்தின் பாதுகாப்பு கூடியதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தத் தடையைப் பற்றி இங்கே பேசுகிறோம்?

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனைச் சுற்றியுள்ள வான்வெளிக் கட்டுப்பாட்டைப் பற்றி. உலகத்தில் பல தலைநகரங்களுக்கு மேலே பறக்கத் தடை உண்டு. ஆனால் இவ்வளவு அகலமாக, இத்தனை அடுக்குகளோடு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருந்து, அதன் பலனும் பலவீனமும் பொதுவெளியில் விவாதிக்கப்பட்டது என்றால் அது வாஷிங்டன்தான்.

மூன்று அடுக்குகள். நடுவில் பி-56 என்ற சிறிய பகுதி: வெள்ளை மாளிகை, நாடாளுமன்றக் கட்டடமான கேபிடல், இரண்டுக்கும் அருகிலுள்ள நேஷனல் மால் திடல், கொஞ்சம் தள்ளித் துணை அதிபரின் இல்லம். இங்கே சிறப்பு அனுமதி இல்லாமல் யாரும் பறக்க முடியாது. அடுத்தது, நகரத்தை ஒட்டிய ரீகன் விமான நிலையத்தை மையமாக வைத்துச் சுமார் 15 கடல் மைல், அதாவது 28 கிலோமீட்டர் வரை விரியும் உள்வளையம். முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட விமானிகள் மட்டும் இதற்குள் சிறு விமானம் ஓட்டலாம். அதற்கும் வெளியே 30 கடல் மைல், 55 கிலோமீட்டர் ஆரத்தில் பெரிய வளையம். இதன் உயர எல்லை 18,000 அடி.

எப்போது வந்தது?

பி-56 பழையது. பெரிய வளையம் 2003 பிப்ரவரியில், ஈராக் போர் தொடங்குவதற்குச் சற்று முன்னால், தற்காலிகம் என்று சொல்லிப் போடப்பட்டது. அப்போது அது வட்டமாகக்கூட இல்லை. மூன்று பெரிய விமான நிலையங்களைச் சுற்றி மூன்று வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்த வடிவம். விமானிகள் அதை மிக்கி மவுஸ் என்றார்கள். 2005-இல் அரசு இதை நிரந்தரமாக்கப் போவதாக அறிவித்ததும் 20,000-க்கு மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன, பெரும்பாலும் எதிர்ப்பு. 2007 ஆகஸ்டில் அந்த வடிவத்தை ஒரே வட்டமாகச் சுருக்கினார்கள். 2009 பிப்ரவரியில் நிரந்தர விதியாகிவிட்டது.

2007-இல் சுருக்கியபோது கணிசமான பரப்பு வளையத்திலிருந்து விடுபட்டது. அந்த விடுபட்ட பகுதி வழியாக எந்த ஆபத்தும் வரவில்லை. வளையத்தின் அகலத்தைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிவளையத்துக்குள் பறக்க ஒரு விமானி என்ன செய்ய வேண்டும்?

மேரிலாந்தில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு இருக்கை செஸ்னாவில் ஒரு சுற்றுப் போய்வர நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில், நகரத்தைச் சுற்றி 60 கடல் மைலுக்குள் கண்பார்வையை நம்பிப் பறக்கும் எல்லா விமானிகளும் ஒரு சிறப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அப்புறம் இந்த வளையத்துக்கென்றே உள்ள பறப்புத் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். கிளம்புவதற்கு முன் கட்டுப்பாட்டு மையத்தைத் தொடர்புகொண்டால் நான்கு இலக்க எண் ஒன்று தருவார்கள். அதை, ரேடாருக்குப் பதில் சமிக்ஞை அனுப்பும் கருவியான விமானத்தின் டிரான்ஸ்பாண்டரில் போட வேண்டும். ரேடார் திரையில் அவருடைய புள்ளிக்குப் பக்கத்தில் அந்த எண் தெரியும்.

நாட்டின் மற்றப் பகுதிகளில் இப்படிப் பறக்கும் சிறு விமானங்கள் எல்லாமே 1200 என்ற பொது எண்ணைப் போட்டுக்கொண்டு போகலாம். இங்கே அந்த எண் தெரிந்தாலே விதிமீறல். வேகம் 180 நாட், அதாவது மணிக்கு 333 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நடுவழியில் டிரான்ஸ்பாண்டர் பழுதானால் கட்டுப்பாட்டாளருக்குச் சொல்லிவிட்டு, அவர் காட்டும் வழியிலோ மிகக் குறுகிய வழியிலோ வெளியேற வேண்டும். பழகியவர்களுக்கு இது பத்து நிமிட வேலைதான். ஆனால் எங்கிருந்தோ வந்து, பழைய வரைபடத்தோடு தெரியாமல் நுழைகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் இந்த விதியை மதிப்பானா?

மதிக்க மாட்டான். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளி நோட்டில் கையெழுத்து வாங்குவதைப் போலத்தான் இது. திருட வருகிறவன் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவதில்லை.

ஆனால் இதோடு கேள்வியை முடித்துவிட்டால் அது நியாயமில்லை. விதியின் உண்மையான வேலை தடுப்பது இல்லை, பிரித்துக் காட்டுவது. நூறு விமானங்கள் ஒரே எண்ணோடு திரையில் நகர்ந்தால் எது வழிதவறியது, எது ஆபத்தானது என்று யாராலும் சொல்ல முடியாது. தொண்ணூற்றொன்பதுக்குத் தனித்தனி எண் இருந்தால் எண் இல்லாத ஒன்று கண்ணில் படும். இந்தப் பலன் உண்மையானது. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. கேள்வி என்னவென்றால், கண்ணில் பட்ட பிறகு என்ன செய்ய நேரம் இருக்கிறது என்பதுதான்.

55 கிலோமீட்டர் என்பது எவ்வளவு நேரம்?

செஸ்னா 150 போன்ற சிறு விமானம் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், விளிம்பிலிருந்து மையத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம். உள்வளையத்தின் விளிம்பிலிருந்து 10 நிமிடம். 250 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 460 கிலோமீட்டரில் ஒரு ஜெட் வந்தால், வெளி விளிம்பிலிருந்தே 7 நிமிடம்தான்.

இந்த நேரத்துக்குள் ரேடாரில் கவனிக்க வேண்டும், ரேடியோவில் கூப்பிட வேண்டும், ஹெலிகாப்டரோ போர் விமானமோ மேலே ஏற வேண்டும், விமானியின் கண்ணில் பட வேண்டும், அவர் திரும்பவில்லை என்றால் மேலிடத்தில் ஒருவர் முடிவெடுக்க வேண்டும். ஆக, இந்த வளையம் அதிக நேரம் தருவது மெதுவாக வரும் சின்ன விமானத்துக்கு எதிராக. மிகக் குறைவாகத் தருவது வேகமாக வரும் பெரிய விமானத்துக்கு எதிராக. ஆபத்தின் அளவோ நேர் எதிராக இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் எனக்குள்ள முதல் மனக்குறை இதுதான்.

உண்மையில் ஒரு விமானம் உள்ளே வந்தபோது என்ன நடந்தது?

2005 மே 11. பென்சில்வேனியாவின் ஸ்மோக்டவுன் என்ற சிறு விமானத் தளத்திலிருந்து வட கரோலினாவில் ஒரு விமானக் காட்சிக்குப் போக, ஒரு விமானியும் அவருடைய மாணவரும் செஸ்னா 150-இல் கிளம்பினார்கள். வழி தவறி நேராகத் தலைநகரை நோக்கி வந்தார்கள். வளையம் தன் வேலையைச் செய்தது: ரேடாரில் தெரிந்தது, ஹெலிகாப்டர் போனது, எஃப்-16 விமானங்கள் எச்சரிக்கைத் தீப்பொறிகளை வீசின. ஆனாலும் செஸ்னா வெள்ளை மாளிகைக்கு மூன்று மைல் தூரம் வரை வந்த பிறகுதான் திரும்பியது. அந்த வேகத்தில் மூன்று மைல் என்பது இரண்டே நிமிடம்.

கீழே, கேபிடல் கட்டடத்தில் காவலர்கள் எல்லோரையும் வெளியே ஓடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அலுவலர்கள் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அதிபர் புஷ் அப்போது மேரிலாந்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகே அவருக்குச் சொல்லப்பட்டது.

இந்த நாளைப் பாதுகாப்பு ஏற்பாட்டின் வெற்றி என்று சொல்பவர்கள் உண்டு. அப்பாவிகள் இருவரைச் சுடாமல் திரும்ப வைத்தது வெற்றிதான். அதற்குக் காரணம், விமானத்தையும் விமானியையும் கிட்டத்தில் போய்ப் பார்த்து நிதானமாக நடந்துகொண்ட மனிதர்கள். உள்ளே இருந்தவர்களுக்கு உண்மையிலேயே தீய நோக்கம் இருந்திருந்தால், அதே இரண்டு நிமிடத்தில் முடிவு என்னவாகியிருக்கும் என்பதை அந்த நாள் நிரூபிக்கவில்லை.

இதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் இன்னும் மோசம். முன்னாள் அதிபர் ரீகனின் இறுதிச் சடங்குக்காகக் கென்டக்கி ஆளுநர் வந்த விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் வேலை செய்யவில்லை. கட்டுப்பாட்டாளர்களுக்கு அது தெரியும், அனுமதியும் கொடுத்திருந்தார்கள். பாதுகாப்புப் பிரிவுக்குத் தகவல் சரியாகப் போகவில்லை. கேபிடலைக் காலி செய்தார்கள். 2022 ஏப்ரலில் மறுபடியும் அதே கதை: பேஸ்பால் மைதானத்தில் ராணுவப் பாராசூட் குழு குதிப்பதற்காக வந்த விமானம். முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டிய தகவல் கேபிடல் காவல்துறைக்குப் போய்ச் சேரவில்லை. இந்த இரண்டு தடவையும் பழுது வானத்தில் இல்லை, இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் இருந்தது.

இப்படி எத்தனை பேர் மீறுகிறார்கள்?

2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அடுத்த நாளிலிருந்து 2004 இறுதிவரை அமெரிக்கா முழுவதும் தடை வான்வெளியில் சுமார் 3,400 மீறல்கள் நடந்ததாக அந்நாட்டின் அரசுத் தணிக்கை அலுவலகம் 2005-இல் சொன்னது. அவற்றில் 88 சதவீதம் சிறு விமானங்களும் தனியார் விமானங்களும். பெரும்பாலும் தெரியாமல் நடந்தவை. பயிற்சி கட்டாயமான பிறகு நிலைமை மேம்பட்டது. மீறல்களைக் குறைத்ததில் அகலமான வேலியைவிட அந்தப் பயிற்சிக்குத்தான் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

பயணிகள் விமானங்கள் தினமும் அங்கேதானே இறங்குகின்றன?

ஆமாம். இந்த விவாதத்தில் பலர் தாண்டிப் போய்விடும் இடம் இது. ரீகன் விமான நிலையத்தில் இறங்கும் ஜெட் விமானங்கள் பொட்டோமாக் ஆற்றின் வளைவுகளைப் பிடித்துக்கொண்டு, ராணுவத் தலைமையகமான பென்டகனுக்குக் கூப்பிடு தூரத்தில் போகின்றன. வடக்கே கிளம்பும் விமானங்கள் மேலே ஏறிய உடனே இடது பக்கம் திரும்பியாக வேண்டும், இல்லையென்றால் பி-56-க்குள் போய்விடும். 2001 செப்டம்பர் 11 அன்று பென்டகன் மீது மோதிய விமானம் கிளம்பியது வாஷிங்டனுக்கு அருகிலேயே உள்ள டல்லஸ் (Dulles) விமான நிலையத்திலிருந்து. அது இன்றைய வளையத்துக்கு உள்ளேயே இருக்கிறது. அந்த விமானத்துக்குப் பறப்புத் திட்டம் இருந்தது, எண் இருந்தது, ரேடியோத் தொடர்பு இருந்தது. கடத்தப்பட்ட பிறகுதான் டிரான்ஸ்பாண்டர் அணைக்கப்பட்டது.

அதாவது, எந்தத் தாக்குதலின் பெயரால் இந்த வளையம் வந்ததோ அதே வகைத் தாக்குதலை இந்த வளையம் தடுத்திருக்காது. அதைத் தடுப்பது வேறு: விமானிகள் அறைக்கு 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட வலுவான கதவு, ஏறுவதற்கு முன் நடக்கும் சோதனை, இனிமேல் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்று ஆகிவிட்ட பயணிகள்.

சின்ன விமானத்தால் அவ்வளவு சேதம் செய்ய முடியுமா?

எடையைப் பாருங்கள். செஸ்னா 150 எரிபொருளும் ஆளும் சேர்த்து முக்கால் டன்கூட வராது. பென்டகனில் மோதிய போயிங் 757 நூறு டன்னுக்கு மேல் சுமந்து பறக்கக் கூடியது.

1994 செப்டம்பரில் ஃபிராங்க் கோர்டர் என்பவர் திருடிய செஸ்னா 150-ஐ வெள்ளை மாளிகையின் தெற்குப் புல்வெளியில் மோதினார். அவர் மட்டும் இறந்தார், கட்டடத்துக்குப் பெரிய சேதம் இல்லை. 2002 ஜனவரியில் ஃபுளோரிடாவின் டாம்பாவில் ஒரு சிறுவன் சிறு விமானத்தை உயர்ந்த கட்டடத்தில் மோதினான். இறந்தது அவன் ஒருவன்தான். ஆனால் 2010-இல் டெக்ஸாஸின் ஆஸ்டினில் வருமான வரி அலுவலகம் இருந்த கட்டடத்தில் ஒருவர் தன் விமானத்தை மோதியபோது தீ பரவிக் கட்டடம் பாழானது, உள்ளே ஊழியர் ஒருவரும் உயிரிழந்தார். எனவே "ஒன்றும் ஆகாது" என்று சொல்ல நான் தயாரில்லை.

வெடிபொருளோடு வந்தால் கணக்கு மாறும். இதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. செக் நாட்டுத் தயாரிப்பான ஸ்லின் 143 என்ற நான்கு இருக்கைப் பயிற்சி விமானங்களை வைத்து விடுதலைப் புலிகள் 2007 மார்ச்சில் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கினார்கள். விமானப்படையினர் மூவர் இறந்தார்கள். 2009 பிப்ரவரி 20 இரவு இரண்டு விமானங்கள் கொழும்புக்கு வந்தன. நகரத்தின் விளக்குகள் அணைக்கப்பட்டன, விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் வானத்தை நோக்கிச் சுட்டன. ஒன்று கட்டுநாயக்க அருகே வீழ்த்தப்பட்டது. மற்றது கொழும்பு நகரின் நடுவே உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதி உயிர்ச்சேதம் ஏற்படுத்தியது. போர் நடந்துகொண்டிருந்த நாடு, விழிப்போடு இருந்த படை, இரண்டு ஆண்டு அனுபவம். அப்படியும் இரண்டில் ஒன்று நகரத்துக்குள் வந்துவிட்டது. வரைபடத்தில் போட்ட கோடு எதுவும் அந்த இரவில் உதவியதாக இல்லை. உதவிய அளவுக்கு உதவியது ரேடாரும் துப்பாக்கியும்.

யாருக்குமே தெரியாமல் உள்ளே வந்தவர்கள் உண்டா?

உண்டு. 2015 ஏப்ரல் 15 அன்று டக் ஹியூஸ் என்ற தபால்காரர், கெட்டிஸ்பர்க்கிலிருந்து ஜைரோகாப்டர் எனப்படும் திறந்த, ஓர் ஆள் உட்காரும் சிறு பொறியில் பறந்து வந்து கேபிடலின் புல்வெளியில் இறங்கினார். தேர்தல் நன்கொடைகளை எதிர்த்து, ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒன்றாக 535 கடிதங்களைக் கொண்டுவந்திருந்தார். மூன்று அடுக்கையும் தாண்டினார். அவ்வளவு தாழ்வாக, மெதுவாக, சின்னதாக வரும் ஒன்றை ரேடாரில் பறவைக் கூட்டத்திலிருந்தும் மேகத் துணுக்கிலிருந்தும் பிரிக்க முடியவில்லை என்று வான் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்கள் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்கள்.

அதே ஆண்டு ஜனவரியில் ஒரு சின்ன டிரோன் நள்ளிரவு தாண்டி வெள்ளை மாளிகை வளாகத்தில் விழுந்தது. அரசு ஊழியர் ஒருவர் பொழுதுபோக்காக ஓட்டிக் கட்டுப்பாட்டை இழந்தது அது.

சோவியத் அனுபவமும் இங்கே பொருந்தும். 1987 மே 28 அன்று 18 வயது மேற்கு ஜெர்மானியரான மத்தியாஸ் ருஸ்ட் ஹெல்சிங்கியிலிருந்து செஸ்னா 172-இல் கிளம்பி மாஸ்கோவில் செஞ்சதுக்கத்துக்கு அருகே இறங்கினார். உலகிலேயே கடுமையான வான்காவல் என்று பேர் வாங்கிய நாடு அது. ரேடாரில் அவரைப் பார்த்தார்கள், போர் விமானம் அருகிலும் போனது. ஆனால் 1983-இல் கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு 269 பேரைக் கொன்ற பிறகு, தெளிவான உத்தரவு இல்லாமல் சுட யாரும் துணியவில்லை. பாதுகாப்பு அமைச்சர் சோகோலோவ் பதவி இழந்தார்.

சுட்டு வீழ்த்திவிடலாமே?

வீழ்த்தியது எங்கே விழும்? வாஷிங்டனைச் சுற்றி ஏவுகணைகள் இருக்கின்றன, ஆண்ட்ரூஸ் தளத்தில் எஃப்-16 விமானங்கள் தயாராக நிற்கின்றன. ஆனால் கடைசி அடுக்கில் சுடுவது என்றால் சிதிலங்கள் மக்கள் வாழும் தெருக்களில் விழும். அதனால்தான் 2006 முதல் கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர்களைத் தலைநகரிலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள். மெதுவாகப் பறக்கும் செஸ்னாவுக்குப் பக்கத்தில் ஜெட் விமானத்தால் நிதானமாகப் பறக்க முடியாது, ஹெலிகாப்டரால் முடியும். இந்த முழு ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: சுடுவதற்கு முன் ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்க்க வாய்ப்புத் தருகிறது.

2001-க்குப் பிறகு வாஷிங்டன் மீது வான்வழித் தாக்குதல் நடக்கவில்லையே, அதுவே ஆதாரம் இல்லையா?

இல்லை. யாராவது முயன்று வளையத்தால் தடுக்கப்பட்டிருந்தால் அது ஆதாரம். பொதுவெளியில் தெரிந்தவரை உள்ளே வந்தவர்கள் வழிதவறியவர்கள், பழுதான கருவியோடு வந்தவர்கள், கடிதம் கொண்டுவந்தவர். இந்தத் தடை இருப்பது தெரிந்து யாரோ ஒருவர் திட்டத்தையே கைவிட்டிருக்கலாம்; அதை எண்ண வழியில்லை. எண்ண வழியில்லாத பலனுக்கு எண்ணக் கூடிய விலையைக் கொடுத்துக்கொண்டே இருப்பது சரியா என்று அவ்வப்போது கேட்டாக வேண்டும். அதை யாரும் கேட்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

விலையைக் கொடுப்பது யார்?

முதலில், உள்வளையத்தில் சிக்கிய சிறு விமானத் தளங்கள். மேரிலாந்தின் காலேஜ் பார்க் 1909-இல் தொடங்கியது. வில்பர் ரைட் அங்கே ராணுவ அதிகாரிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தார். தொடர்ந்து இயங்கும் விமானத் தளங்களில் உலகிலேயே பழையது. இன்று அங்கே போக விமானி கைரேகை கொடுத்து, பின்னணி சோதிக்கப்பட்டு, தனி ரகசிய எண் வாங்கியிருக்க வேண்டும். ஞாயிறு மாலை சும்மா வந்து இறங்கி ஒரு காபி குடித்துவிட்டுப் போகும் வழக்கம் அங்கே ஒழிந்தது. அருகிலுள்ள ஹைட் ஃபீல்டு தளம் 2022-இல் மூடப்பட்டது. ரீகன் நிலையத்துக்குத் தனியார் ஜெட் போக வேண்டுமானால் ஆயுதம் தாங்கிய பாதுகாவலர் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். பணம் உள்ளவர் அதைக் கொடுத்துவிடுவார். வாடகைச் செஸ்னாவில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவரால் அது முடியாது.

2025 ஜனவரி விபத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வளையம் அந்த விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாதுகாப்பு என்றால் எதை நினைக்கிறோம் என்ற கேள்வியை அது எழுப்புகிறது. ஜனவரி 29 இரவு ரீகன் நிலையத்தில் இறங்க வந்த பயணிகள் ஜெட்டும் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் பொட்டோமாக் ஆற்றுக்கு மேலே மோதின. 67 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் பாதையின் உயர வரம்பு அங்கே 200 அடி. அந்தப் பாதைக்கும் இறங்கும் விமானத்தின் பாதைக்கும் இடைவெளி சில நிலைகளில் 75 அடிதான் என்று விசாரணை வாரியம் கண்டது. தன் இருப்பிடத்தைத் தொடர்ந்து அறிவிக்கும் கருவியின் ஒலிபரப்பு ஹெலிகாப்டரிலிருந்து வரவில்லை; ராணுவத்துக்கு அந்த விதியில் விலக்கு இருந்தது. 2021 அக்டோபரிலிருந்து 2024 டிசம்பர் வரை அந்த நிலையத்தைச் சுற்றி விமானமும் ஹெலிகாப்டரும் நெருங்கி வந்ததாக 15,214 பதிவுகள் இருந்தன.

உலகத்திலேயே மிக உன்னிப்பாகக் கவனிக்கப்படும் வானம் இது. அந்தக் கவனமெல்லாம் வெளியிலிருந்து வரும் அந்நியன் மேல் இருந்தது. உள்ளேயே பதினைந்தாயிரம் முறை மணி அடித்ததை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அப்படியானால் தடையை நீக்கிவிட வேண்டுமா?

வேண்டாம். பி-56 இருக்கட்டும். உள்வளையமும், தாழ்வாக வருவதைப் பார்க்கும் கேமராக்களும், ஹெலிகாப்டர்களும் இருக்கட்டும். இவைதான் உண்மையில் வேலை செய்பவை. வெளிவளையத்தில் தனி எண், ரேடியோத் தொடர்பு போதும். பறப்புத் திட்டக் கட்டாயத்தால் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, இந்த விதி எதைத் தடுத்தது, எதைத் தவறவிட்டது என்று வெளிப்படையாகக் கணக்குக் காட்ட வேண்டும். ராணுவத்துக்கான விலக்குகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான் பயிற்சி விமானி. தவறி உள்ளே போய்விட்டால் என்ன செய்வது?

தரையிலிருந்து சிவப்பு, சிவப்பு, பச்சை என்று மாறி மாறி ஒளி உங்கள் மேல் அடித்தால் அது உங்களுக்கான எச்சரிக்கை. உடனே நகரத்தின் மையத்திலிருந்து விலகித் திரும்புங்கள். கட்டுப்பாட்டாளரோடு பேசிக்கொண்டிருந்தால் அவரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் ரேடியோவை 121.5 அவசர அலைவரிசைக்கு மாற்றி உங்கள் விமான எண்ணைச் சொல்லுங்கள். பக்கத்தில் போர் விமானம் வந்து இறக்கையை ஆட்டினாலோ, ஹெலிகாப்டர் வந்து அதேபோல உடலை ஆட்டினாலோ, நீங்களும் இறக்கையை ஆட்டிக் காட்டிவிட்டு அது போகும் திசையில் பின்தொடருங்கள். டிரான்ஸ்பாண்டரில் வேறு எண் சொல்லப்படும்வரை அவசரநிலை எண்ணான 7700 போடுங்கள். இறங்கியதும் காவலர்கள் காத்திருப்பார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.